பருப்பில் ஒரு சிட்டிகை

என் மகளுக்கு மீன் ஆகாது. கல்பிட்டியில் பிறந்த பிள்ளைக்கு மீன் ஆகாது என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். பிள்ளையில் குறையில்லை, இவளுக்குத்தான் மண்டையில் ஏதோ என்பது அந்தப் பார்வையின் அர்த்தம். "வாப்பா மீன் வாடியில நிக்கிறாரு, மகளுக்கு மீன் ஆகாதா? நல்ல கதை!" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

எட்டாம் மாதத்தில்தான் தெரிய வந்தது. அவித்த பாரை மீனை முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து நான்தான் முதல் வாய் ஊட்டினேன். ஊட்டிய கையைக் கழுவி வருவதற்குள் பிள்ளையின் கன்னமெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துவிட்டது. உதடு வீங்கி, முகம் யாருடையதோ போலாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அடக்கினார்கள். எந்த மீனும் கொடுக்கக்கூடாது, கருவாடு கூடாது, மீன் சமைத்த சட்டியில் பிள்ளைக்குச் சமைக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சொன்னதைச் செய்கிறவள் நான். பாடசாலையில் படிப்பிக்கிறவளுக்கு அந்தப் புத்தி கூடுதலாக இருக்கும். அன்றைக்கே புதுச் சட்டி, புது அகப்பை, புதுப் பலகை வாங்கினேன். வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்தினேன். வள்ளத்து மீனை நிறுத்து வாங்குகிற வாடியில் நிற்கிற என் மனிசன், வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, சாரம் மாற்றி, பிறகுதான் மகளைத் தூக்க வேண்டும். ஒருநாள் களைத்துப்போய் வந்தவர் அப்படியே குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டார். அரைமணி நேரத்தில் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. மனிசன் அழுதுவிட்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை, ஏசினேன். எனக்கு அப்போது ஏசுவதற்கு மட்டுந்தான் வாய் இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு புள்ள, எல்லாம் சரியாப் போகும்" என்றார்கள். "நாங்கெல்லாம் மீன் திண்டு வளரல்லயா?" என்றார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் குறைவே இல்லை. எல்லாருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "மீன் மட்டும் வேணாம். வேற என்னத்தையும் குடுங்க."

பக்கத்து வளவில் என் மனிசனின் மூத்த சகோதரி இருந்தார். நானும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருசம், பிள்ளை இல்லை. அவர் மாப்பிள்ளை கட்டாரில். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி உண்டு. அந்த வேலியில் ஓர் ஆள் போய்வர ஓர் இடைவெளியும் உண்டு. என் பிரசவ லீவு முடிந்து நான் பாடசாலைக்குப் போகத் தொடங்கியபோது, கேட்காமலே அந்த இடைவெளியால் வந்து, "புள்ளைய நான் பாக்குறன், நீ போ" என்றார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஆனாலும் சமையலை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுபஹ் தொழுதுவிட்டு, பிள்ளைக்கென்று இருக்கிற சட்டியில் சோறும் பருப்பும் நானே ஆக்குவேன். மைசூர்ப் பருப்பு, மஞ்சள், தேங்காய்ப்பால், வெங்காயம் தாளித்து, என் உம்மாவின் கைப்பழக்கத்தில் உப்போடு மாசித்தூள் ஒரு சிட்டிகை. பிள்ளைக்கும் நாக்கு உண்டுதானே, உப்புச் சப்பில்லாமல் எப்படித் தின்னும்? சிவப்பு மூடி போட்ட டப்பாவில் அடைத்து, "இத மட்டும் குடுங்க ராத்தா, ஒங்கட ஊட்டுச் சாமான் ஒண்ணும் வேணாம்" என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். ஒவ்வொரு நாளும் அவர் "ஓம் புள்ள, ஓம்" என்பார்.

அவர் ஊட்டுகிற விதமே தனி. சோற்றை உருட்டி, ஒவ்வொரு உருண்டைக்கும் ஓர் ஊர்ப்பேர் சொல்வார். பஸ் கொழும்புக்குப் போகிற பாதை. "இது நுரைச்சோலைக்கு. இது பாலாவிக்கு. இது மதுரங்குளிக்கு. இது முந்தலுக்கு." பிள்ளை ஊர் ஊராக வாயைத் திறக்கும். சிலாபம் வரும்போது தட்டு காலியாகிவிடும். நான் ஊட்டினால் நுரைச்சோலையைத் தாண்டாது. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன பிரயோசனம்.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியதும் தொல்லை தொடங்கியது. கிழமைக்கு ஒரு தரம், சில நேரம் இரண்டு தரம், மத்தியானத்தில் வாந்தி. முதுகில் தடிப்பு. கண் மடல் வீக்கம். எப்போதும் நான் பாடசாலையில் இருக்கிற நேரம். எப்போதும் ராத்தா ஊட்டிய பிறகு. இனி நான் யாரைச் சந்தேகிப்பேன்? அவர் வீட்டில் அன்றாடம் மீன் ஆணம் கொதிக்கும். ஊரே "பழக்கு, பழக்கு" என்று ஓதிக்கொண்டிருக்கும். அவரும் ஆசையில் ஒரு கிள்ளு கொடுத்துப் பார்க்கிறார் என்று என் மனதில் விழுந்துவிட்டது. பாடசாலை விட்டு வந்ததும் பிள்ளையை வாங்குகிற சாட்டில் அவர் விரல்களை மோந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் நான் மோப்பதை அவர் கண்டுவிட்டார். அடுத்த நாளிலிருந்து, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கையைத் துணியில் துடைக்கத் தொடங்கிவிடுவார். பார்த்தீர்களா, குற்றம் செய்தவள்தான் துடைப்பாள் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. வகுப்பில் நிற்கும்போது பாடசாலை அதிபரின் அறைக்குப் போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து எழும்பியது. ராத்தா காலில் செருப்பில்லாமல், முந்தானையில் பிள்ளையின் வாந்தியோடு கட்டிலருகே நின்றார். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடி, போன ஆட்டோவை மறித்து ஏறினாராம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தாதி சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினவர் முன்னால்தான் நான் வாயைத் திறந்தேன்.

"என்ன குடுத்த?" என்று கேட்டேன். ஆயுசில் அன்றைக்குத்தான் அவரை நீ என்று கூப்பிட்டேன்.

"ஒன்ட டப்பாச் சோறுதான் குடுத்தன். வல்லாஹி, மீன் குடுக்கல்ல."

"பொய்ச் சத்தியம் பண்ணாத! ஆசைக்கு ஊட்டிப் பாக்க என்ட புள்ளதான் கெடச்சிச்சா? வயித்துல சுமந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அந்த வார்ட்டில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் இருந்தார்கள். எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள். ராத்தாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார். வெறுங்காலோடு எப்படி வீட்டுக்குப் போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வேலி இடைவெளிக்குத் தகரம் அடிக்கச் சொன்னேன். மனிசன் தயங்கினார். "ஒங்கட ராத்தாவா, ஒங்கட மகளா?" என்று கேட்டேன். அடித்தார்.

சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு நானே பிள்ளையை வைத்துப் பார்த்தேன். நானே ஆக்கினேன், நானே ஊட்டினேன். ஐந்தாம் நாள் மறுபடியும் முதுகில் தடிப்பு. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லையே! வேலிக்கு அப்பால் ராத்தா மீன் பொரிக்கிற புகைதான் காரணம் என்று சொல்லி, அந்தப் பக்கத்து ஜன்னலை அடைத்துப் பழைய சீலையைச் செருகினேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை.

பிறகுதான் சிலாபத்தில் ஒரு பிள்ளைகள் டொக்டரிடம் போனோம். வயதான பெண். பொறுமையாகக் கேட்டார். இரண்டு கிழமைக்கு, பிள்ளையின் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சோறு என்று எழுதினால் போதாது, சட்டிக்குள் போனது எல்லாம் எழுத வேண்டும், உப்பு முதற்கொண்டு. எனக்கு எழுதப் படிப்பிக்க வேண்டுமா? சிவப்புப் பேனையால் கோடு போட்டு, திகதி போட்டு, அச்சடித்த மாதிரி எழுதிக்கொண்டு போனேன். டொக்டர் மெச்சுவார் என்றுகூட எண்ணினேன்.

அவர் முதல் பக்கத்தையே தாண்டவில்லை. ஒரு சொல்லில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாசி போடுறீங்களா?"

"ஓம் டொக்டர். ஒரு சிட்டிகை."

"ஒவ்வொரு நாளும்?"

"பருப்புக்குத்தானே. எல்லாரும் போடுறதுதானே."

"மீன் குடுக்கிறதில்ல எண்டு சொன்னீங்களே."

"மீன் குடுக்கிறதில்ல டொக்டர். இது மாசி."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மாசி என்றால் என்ன? சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகுமட்டும் காயவைத்தது. கடற்கரையில் பிறந்த எனக்கு அது தெரியாதா? மீன் வாடிக்காரனின் மனைவிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் குசினிகளில் மீன் சட்டியில் கிடக்கும். மாசி உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். கருவாடு கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, கருவாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மாசிப் போத்தலைத் துடைத்து அதே இடத்தில் வைத்தவள் நான். ஒரு வயதானதும்தான் பிள்ளையின் பருப்பில் உப்பும் மாசியும் போடத் தொடங்கினேன்; சில நாள் கை கூடியிருக்கும், சில நாள் குறைந்திருக்கும். அந்த வியாழக்கிழமை, போத்தல் முடிகிறதே என்று அடியில் கிடந்ததையும் தட்டிக் கொட்டினேன். அதுவும் எனக்கு அந்தக் கதிரையில் இருக்கும்போதே ஞாபகம் வந்தது.

டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "உங்கட பக்கம் வார நிறையத் தாய்மார் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது, பஸ் மதுரங்குளி தாண்டிய பிறகு மனிசன், "ராத்தாட்ட சொல்லோணும்" என்றார். "நான் சொல்றன்" என்றேன்.

சொல்லவில்லை. பெருநாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நோன்புப் பெருநாள் போனது. ஹஜ்ஜுப் பெருநாளும் போனது. அவர் முன்னால் போய் நின்று என்ன சொல்ல? உன்னை மலடி என்று சபையில் சொன்னேன், விசம் வைத்தது நான்தான் என்றா? ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடத் தள்ளிப்போட அது கனத்துக்கொண்டே போனது. மாசியை நிறுத்திய நாளோடு பிள்ளையின் தடிப்பும் நின்றது. ஊர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தது: "தகரம் அடிச்சாங்க, புள்ள சொகமாச்சி, பாத்தீங்களா?" அது என் காதுக்கும் வந்தது. நான் மறுக்கவில்லை. கலியாண வீடுகளில் ராத்தா ஒரு குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினால், அதன் தாய் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். கண்ணாலே கண்டிருக்கிறேன். கண்டும் வாயை மூடிக்கொண்டு இருந்த என்னைவிடக் கேடுகெட்டவள் அந்த ஊரில் இல்லை.

இரண்டு வருசம் இப்படிப் போனது. மகளுக்கு இப்போது மூன்று வயது கடந்துவிட்டது. நான் அவளுக்குப் பழக்கியிருக்கிற ஒரே பாடம், யார் எதைத் தந்தாலும் வாயில் வைக்குமுன் "மாசி இரிக்கா?" என்று கேட்பது. அவள் முதலில் சரியாகச் சொன்ன வசனமே அதுதான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கலியாணம். பகல் சாப்பாடு. பெண்கள் பக்கம் பாய் விரித்து, ஒரு சஹனுக்கு ஆறு பேர் வீதம் உட்கார்த்தினார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய், சீனிச்சம்பல், எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். நான் மகளுக்குச் சோற்று டப்பா கொண்டு போயிருந்தேன். அதற்கும் முணுமுணுப்பு உண்டு, சஹனில் இருந்து ஒரு வாய் தின்னாத பிள்ளை என்று. எங்களுக்கு எதிர்ப் பாயில் ராத்தா இருந்தார். அவர் சஹனில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது.

மகள் கை கழுவ வேண்டுமென்றாள். கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தால், என் பக்கத்தில் இருந்த பெண் டப்பாவுக்குள் சீனிச்சம்பல் அள்ளி வைத்திருக்கிறாள்.

"வெறுஞ் சோறு திங்குது பாவம்" என்றாள்.

மகள் அவள் முகத்தைப் பார்த்து, "மாசி இரிக்கா?" என்று கேட்டாள்.

"மாசிதான் மகள், மீனில்ல. தின்னுங்க."

மகள் டப்பாவைத் தள்ளிவிட்டாள். பசி வந்த பிள்ளை, அழத் தொடங்கினாள். இனி அந்தச் சோற்றைக் கொட்டத்தான் வேண்டும். நான் அந்தப் பெண்ணை ஏச வாயெடுத்தேன், வாயெடுத்தபடியே இருந்தேன். அவள் சொன்னது நான் டொக்டரிடம் சொன்ன அதே வார்த்தைதானே.

அழுகை கேட்டதும் ராத்தா எழுந்து வெளியே போனார். நாலு வீடு தள்ளித்தான் எங்கள் வளவுகள். கொஞ்ச நேரத்தில், மூடிய ஒரு தட்டோடு திரும்பி வந்து என் முன்னால் வைத்தார். சோறும் பருப்பும்.

"மாசி இல்ல" என்றார். "எங்கட குசினியில மீனோ மாசியோ வாங்கி ரெண்டு வருசம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நீங்க சிலாபம் போய் வந்த அடுத்த கெழமையே என்ட தம்பி, ஒன்ட மனிசன், வந்து சொன்னான். புள்ள எப்பயாவது வேலிக்கு இஞ்சால வரும், வந்தா ஏதாவது எடுத்து வாயில வெச்சிரும் எண்டு மாசி, கருவாடு எல்லாத்தையும் அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டன். நீயும் வருவ எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தன்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அந்தப் பாயில் இருந்தபடியே, அத்தனை சஹனுக்கும் கேட்கச் சொன்னேன். "ராத்தா என்ட புள்ளைக்கு மீன் குடுக்கல்ல. குடுத்தது நான். பருப்புல மாசி போட்டு நாந்தான் குடுத்தன். தெரிஞ்ச பொறகும் ஒருத்தருக்கும் சொல்லாம இருந்திட்டன்." பெண்கள் சாப்பிட்ட கையோடு பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, என்மேல் பரிதாபப்பட்டுத்தான், "அதுக்கென்ன புள்ள, அது மீனில்லயே, மாசிதானே" என்றாள்.

"மன்னிச்சிக்கோங்க ராத்தா" என்றேன். "நீங்களே ஊட்டுங்க. ஒங்கட கையால ஊட்டுங்க."

அவர் தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். பிறகு, நான் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம் துடைப்பாரே, அதே மாதிரி முந்தானையில் துடைத்தார்.

"வேணாம்" என்றார். "நீயே ஊட்டு. நாளைக்குப் புள்ளைக்கு ஒண்டு நடந்தா என்ட கையத்தான் நீ மோந்து பாப்ப."

எழுந்து வாசலுக்குப் போனார். மகள் வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். நான் சோற்றை உருட்டினேன். "இது நுரைச்சோலைக்கு" என்றேன், அவர் காதில் விழுமளவுக்கு. பிள்ளை வாங்கிக்கொண்டாள். "இது பாலாவிக்கு." வாசலில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "இது மதுரங்குளிக்கு." செருப்பை மாட்டிக்கொண்டார். முந்தலுக்கு நான் வரும்போது வாசலில் யாரும் இல்லை. சிலாபம் வரைக்கும் ஊட்டி முடித்தேன். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.